தெரிஞ்ச பேரு வாய்க்கு வராதபோது தலைக்குள் என்ன நடக்கிறது?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "பேசும்போது மனசு வார்த்தையை எங்கிருந்து, எப்படி எடுக்குது? எங்க அம்மாவுக்கு 64 வயசு. நல்லாத்தான் இருக்காங்க. ஆனா ஒறம்பரை (சொந்தக்காரங்க) வந்தா பேரு வரமாட்டேங்குது. வீட்டுல 'அது, இது'ன்னே பேசறாங்க. இது மறதி நோயோட ஆரம்பமுங்களா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை. எதைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் உங்கள் முதல் கேள்விதான் முக்கியமானது. அதற்கு விடை பிடிபட்டால் மற்றது பாதி தெளிந்துவிடும். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். இந்தக் கேள்வியோடுதான் என் பகல் பொழுது முழுக்கப் போகிறது.

ஒரு சொல் தலைக்குள் ஒரே சாமானாக ஓரிடத்தில் கிடப்பதில்லை. அதன் பொருள் ஒரு பக்கம், வாக்கியத்தில் அதை எப்படிப் பூட்டுவது என்கிற இலக்கணக் குறிப்பு ஒரு பக்கம், அதன் ஓசை இன்னொரு பக்கம் இருக்கின்றன. பேசும்போது பொருளில் தொடங்கி ஓசையில் முடிக்கிறோம். கேட்கும்போது ஓசையில் தொடங்கிப் பொருளுக்குப் போகிறோம். போகிற வழி வேறு, வருகிற வழி வேறு. அதனால்தான் பக்கத்தில் இருப்பவர் பேரைச் சொன்னதும் "ஆமா, அவரேதான்" என்று பிடித்துக்கொள்கிற உங்கள் அம்மா, தானாகச் சொல்லும்போது திணறுகிறார். பேரு தலையை விட்டுப் போயிருந்தால் சொன்னவுடன் அடையாளம் தெரிந்திருக்காது.

இந்தப் படிநிலைகளைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் வில்லெம் லெவெல்ட். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். ஒரு மாட்டின் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால், பதில் வாயிலிருந்து கிளம்ப ஏறத்தாழ 0.6 நொடி ஆகிறது. அதில் முதல் 0.2 நொடி பார்த்தது மாடுதான் என்று புரிந்துகொள்வதற்குப் போய்விடும். கால் நொடி ஆவதற்குள் எந்தச் சொல் என்று தேர்வாகிவிடும். பிறகு 'ம்', 'ஆ', 'ட்', 'உ' என்று ஓசைகளைத் திரட்டி அசைகளாக அடுக்க வேண்டும். கடைசியாக நாக்குக்கும் உதட்டுக்கும் உத்தரவு போகும். பெரியவர் ஒருவருக்குப் பல்லாயிரக்கணக்கான சொற்கள் தெரியும். சாதாரணப் பேச்சில் நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள் ஓடுகின்றன. இந்த வேகத்தில் ஆயிரம் சொல்லுக்கு ஒன்றிரண்டுதான் தப்பாகிறது. என்னைக் கேட்டால், எப்போதாவது ஒரு பேரு வராமல் போவதைவிட மற்றதெல்லாம் வந்துவிடுவதுதான் ஆச்சரியம்.

மாடு என்ற சொல் தனியாக எழுந்து வருவதில்லை என்பதும் முக்கியம். எருமை, கன்னுக்குட்டி, எருது எல்லாமே கூடவே எழும். அவற்றில் ஒன்று ஜெயிக்க வேண்டும். 1990ல் டச்சு மொழிக்காரர்களிடம் இதைச் சோதித்தார்கள். படத்துக்குப் பேரு சொல்லும் நேரத்தில் காதில் வேறொரு சொல்லைப் போட்டார்கள். நம் மொழியில் வைத்துச் சொன்னால், மாட்டுப் படத்தைப் பார்க்கிறவர் காதில் 'எருமை' என்று விழுந்தால் பதில் தாமதமாகிறது. 'மாமன்' என்று விழுந்தால் சீக்கிரம் வருகிறது. இதில் நுட்பம் எங்கே என்றால், எருமை இடைஞ்சல் செய்வது ஆரம்பத்தில் மட்டும். மாமன் உதவுவது கொஞ்சம் பிந்தி. பொருள் வேலை முன்னால், ஓசை வேலை பின்னால் என்பதற்கு இது நல்ல சாட்சி.

இன்னொரு நல்ல சாட்சி உங்கள் அம்மாவின் 'அது இது' பேச்சிலேயே இருக்கிறது. கொங்குப் பக்கம் எந்தச் சமையலறையிலும் கேட்கக்கூடிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "கண்ணு, அந்த இதுல இருந்து இத எடுத்து அதுல கொஞ்சம் இது பண்ணிரு." எந்தப் பொருளின் பேரும் இல்லை, செய்ய வேண்டிய வேலையின் பேரும் இல்லை, வெறும் 'இது பண்ணிரு'தான். ஆனால் 'ல இருந்து' சரியான இடத்தில் இருக்கிறது, 'இத' என்பதில் இரண்டாம் வேற்றுமை இருக்கிறது, 'அதுல' சரி, 'பண்ணிரு' என்ற ஏவலும் சரி. எதிலிருந்து, எதை எடுத்து, எங்கே, என்ன செய்ய வேண்டும் என்ற வாக்கியச் சட்டம் ஒரு ஆணிகூடக் கழலாமல் நிற்கிறது. டப்பா, புளி, குண்டா, கரைக்கிறது என்ற ஓசைகள் மட்டும் வந்து சேரவில்லை. சட்டம் கட்டி முடித்து, ஓசை வருவதற்கு முன்னால் பேசிவிட்டார், அவ்வளவுதான். மருமகளும் புளியைக் கரைத்துவிடுவாள்.

இதில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். 'ல', 'ஐ' போன்ற உருபுகள் வாக்கியச் சட்டத்தோடு வருபவை. புளி என்ற சொல்லுக்குச் சொந்தமான குறிப்பு அவற்றில் இல்லை. அதனால் சொல்லின் சொந்த இலக்கணமும் ஓசைக்கு முன்பே வருகிறதா என்று பார்க்க, உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உள்ள மொழிகள்தான் வசதி. இத்தாலிய மொழி பேசுபவர்கள் ஒரு சொல் வாய்க்கு வராமல் தவிக்கும்போதும் அது ஆண்பாலா பெண்பாலா என்று பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள் என்று 1997ல் ஓர் ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டே டச்சு மொழியில் தலையில் மின்முனைகள் ஒட்டி அளந்தார்கள். சொல்லின் பால், அதன் முதல் ஓசைக்கு ஏறத்தாழ 40 மில்லிநொடி முன்னதாகக் கிடைத்துவிடுகிறது என்று தெரிந்தது.

நாக்கு புரள்வதும் இதே கதையைச் சொல்கிறது. "வண்டியில சாவிய விட்டுட்டேன்" என்று சொல்ல வந்து "சாவியில வண்டிய விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்போம். சாவியும் வண்டியும் இடம் மாறிவிட்டன. ஆனால் 'இல்', 'ஐ' இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் மெரில் காரெட் 1970களில் ஆங்கிலத்தில் இத்தகைய புரளல்களை அலசி, சொற்களைப் பொருத்தும் சட்டம் தனியாகத் தயாராகிறது என்றார். உருபுகள் மிகுந்த தமிழில் அது கண்ணாடி போட்டதுபோல் தெரிகிறது. 'பச்சக் கொத்தமல்லி' என்று சொல்லப் போய் 'கச்சப் பொத்தமல்லி' என்று வருவது வேறு ரகம். அங்கே சொல் தேர்வு சரி, ஓசைகளை அடுக்குகிற கட்டத்தில் குழப்பம்.

தொண்டை வரைக்கும் வந்துவிட்டு வெளியே வராத அந்த நிலையை முதன்முதலில் முறையாகச் சோதித்தவர்கள் ரோஜர் பிரவுன், டேவிட் மக்நீல் என்ற இருவர். 1966ல் ஹார்வர்டில் மாணவர்களுக்கு அரிதான சொற்களின் விளக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டி, சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். சிக்கிக்கொண்டவர்களிடம், "முதல் எழுத்தாவது தெரிகிறதா, எத்தனை அசை?" என்று கேட்டார்கள். 57 சதவீதம் முதல் எழுத்து சரியாக வந்தது. ஓசையும் முழுதாகப் போய்விடவில்லை, துண்டு துண்டாக வருகிறது என்று அப்போதுதான் தெளிவானது. தாராபுரம் என்று சொல்ல வந்தவர் "தர்மபுரி... இல்ல... தா..." என்று தடுமாறுவதைக் கவனித்துப் பாருங்கள். முதல் ஓசை, நீளம், 'புர' என்ற சாயல் எல்லாம் கைக்கு எட்டிவிட்டன. அப்படி ஒரு தப்பான சொல் முன்னால் வந்து நின்றுகொண்டால் சரியானதற்கு வழி விடாது என்று சிலர் சொன்னார்கள். இப்போது பலரும், தப்பான சொல் அடைப்பதில்லை, சரியான சொல்லின் ஓசை பலவீனமாக எழுவதால்தான் பக்கத்துச் சொல் முந்திக்கொள்கிறது என்றே கருதுகிறார்கள். எனக்கும் இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

சரி, ஏன் குறிப்பாக ஆட்களின் பேரு? இங்கிலாந்தில் பேக்கர் என்பது தொழில், குடும்பப் பெயரும் அதுதான். 1987ல் வந்த ஓர் ஆய்வில் அறிமுகமில்லாத முகங்களைக் காட்டி, சில முகங்களுக்கு அதைத் தொழிலாகவும் வேறு சிலவற்றுக்கு அதே சொல்லைப் பெயராகவும் கற்றுக்கொடுத்தார்கள். தொழில் நினைவில் நின்றது, பெயர் நழுவியது. ஓசை ஒன்றுதான். பேக்கரிக்காரர் என்றதும் அடுப்பு, ரொட்டி வாசம், மாவு படிந்த கை எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. சொல்லை இழுக்கப் பத்துக் கயிறு கிடைக்கிறது. பெயருக்கு அந்த ஆளைத் தவிர வேறு பொருள் இல்லாததால் ஒரே கயிறுதான்.

நம் ஊர்ப் பெரியவர்கள் ஆட்களைக் குறிப்பிடும் வழக்கம் எனக்கு இங்கே நினைவுக்கு வரும். 'வேப்பமரத்துத் தோட்டத்தாரு', 'மேக்கால சாளைக்காரரு', 'பெருந்துறை மாமன்' என்று இடத்தையும் உறவையும் வைத்தே சொல்லிவிடுவார்கள். இவை எல்லாமே பொருள் உள்ள அடையாளங்கள் என்பதால் வயசானாலும் சுலபமாக வரும். இன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் வந்து நிற்கிற பேரன் பேத்திகளின் பேருக்கு அப்படி ஒரு பிடிமானமும் இல்லை. ஆனால் 'ங்க' போட்டுப் பேசும் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. "வாங்க மாமா, எப்ப வந்தீங்க, சாப்பிட்டீங்களா?" என்று பேரே இல்லாமல் கால் மணி நேரம் பழமை (ஊர்க்கதை) பேசிவிடலாம். பாதி மண்டபம் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கும்.

மகனைக் கூப்பிட அண்ணன் பேரு, தம்பி பேரு எல்லாம் சொல்லி, நடுவில் "மணி" என்று நாயின் பேரையும் சொல்லிவிட்டு, கடைசியில் அவன் பேருக்கு வருவது வேறு விஷயம். அது மறதிக் கணக்கில் சேராது. 2016ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே எடுத்து ஆராய்ந்தார்கள். பாசம் வைத்திருக்கும் ஒரே கூட்டத்துக்குள்தான் பேரு மாறுகிறது. நாயின் பேரு அந்தக் கூட்டத்தில் வருகிறது, பூனையின் பேரு அவ்வளவாக வருவதில்லை.

வயசுக்கு வருவோம். 1991ல் டெபோரா பர்க்கும் டொனால்ட் மக்கேயும் கூட்டாளிகளும் சொன்ன விளக்கம் இன்றுவரை நின்றுகொண்டிருக்கிறது. பொருளிலிருந்து ஓசைக்குப் போகும் இணைப்பு, அடிக்கடி பயன்பட்டால் பலமாக இருக்கிறது, பயன்படாவிட்டால் வலுவிழக்கிறது. தண்ணீர் விடாத கிளை வாய்க்காலில் புல் முளைப்பது மாதிரி. வயது ஏற ஏற எல்லா இணைப்பும் கொஞ்சம் தளர்கிறது. பொருளுக்குள் பல இணைப்புகள் ஒன்றையொன்று தாங்குவதால் அங்கே தளர்ச்சி வெளியே தெரிவதில்லை. ஓசைக்குப் போவது ஒற்றை இணைப்பு என்பதால் அங்கேதான் தெரிகிறது. அதிலும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கிற ஒறம்பரையின் பேரு என்றால் வயது, பயன்பாடு, பெயர் என்ற மூன்று இடைஞ்சலும் சேர்ந்துகொள்கின்றன. அதே சமயம் சொல்வளம் வயதோடு குறைவதில்லை. சொற்களின் பொருள் தெரியுமா என்று சோதித்தால் 60 வயதுக்காரர்கள் 20 வயதுக்காரர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல, பெரும்பாலும் ஒரு படி மேல்.

வீட்டில் கன்னடமோ தெலுங்கோ, வெளியில் தமிழ், வேலையில் பாதி ஆங்கிலம் என்று வாழும் குடும்பங்கள் கோவை, திருப்பூர் பக்கம் ஏராளம். இரண்டு மொழிக்காரர்களுக்குச் சொல் சிக்குவது சற்று அதிகம் என்று தமார் கோலன் குழுவின் ஆய்வுகள் காட்டின. ஒவ்வொரு மொழிக்கும் கிடைக்கிற பயன்பாடு பங்காகிப் போவது காரணமாக இருக்கலாம். ஆட்களின் பேரு எந்த மொழியிலும் ஒன்றுதானே! அதில் மட்டும் ஒருமொழிக்காரருக்கும் இருமொழிக்காரருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டுப் பிள்ளைக்கு ஒரே மொழி போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஐதராபாத்தில் மறதி நோயாளிகள் 648 பேரை வைத்து சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு பிந்தித் தொடங்கியிருந்தது. படிப்பறிவு இல்லாதவர்களிடமும் அப்படியே. எல்லா நாட்டு ஆய்வுகளும் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும், நம் ஊர் நிலைமைக்கு மிக நெருக்கமான ஆய்வு இதுதான்.

இணைப்பு அறுந்தால் எப்படி இருக்கும் என்பதை என் வேலையில் தினமும் பார்க்கிறேன். பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டிய ஒருவர், இடது மூளையில் பக்கவாதம் வந்தவர். உலக்கைப் படத்தைக் காட்டுகிறேன். "ஒரலு" என்றார். உடனே தலையை ஆட்டி, "இல்லீங்க, அதுல போட்டு... இது... ரெண்டு பொம்பளைங்க நின்னுட்டு..." என்று சொல்லிக்கொண்டே நல்ல கையை மேலும் கீழும் இடிக்கிறார். பொருள் முழுசாக இருக்கிறது. பக்கத்துச் சொல் முந்தி வருகிறது, அது தப்பு என்றும் தெரிகிறது. நான் "உ" என்றேன். வரவில்லை. "உல" என்றதும் "உலக்கை!" என்று சத்தமாக வந்தது. முதல் ஓசையைக் கொடுப்பது எங்கள் தொழிலில் அன்றாடக் கருவி. அடுத்து நாடா படத்தைக் காட்டினேன், தறியில் ஓடுகிற நாடா. கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. பாவு, ஊடு எல்லாமே அப்படித்தான். அடிக்கடி புழங்கும் சொல் வேகமாக வரும் என்று 1965ல் ஓல்ட்ஃபீல்ட், விங்ஃபீல்ட் இருவரும் படம் காட்டி அளந்து சொன்னார்கள். ஆளுக்கு ஆள் எந்தச் சொல் புழங்கியது என்பது வேறு. அதனால் அச்சடித்த படக் கட்டை மட்டும் வைத்துப் பயிற்சி கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. பனியன் கம்பெனியில் இருந்தவருக்கு ஓவர்லாக், பேட்லாக், பிசிர், கைமடி என்று அவர் தொழிலில் புழங்கிய சொற்கள்தான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

இனி, பயப்பட வேண்டிய இடம். பேரு வராமல், பிறகு தானாகவோ யாராவது சொல்லியோ வந்துவிட்டால் அது சாதாரணம். பேரு சொன்ன பிறகும் "யாரு அது?" என்றால் கவனிக்க வேண்டும். கத்தரிக்கோலைப் பார்த்து அதன் பேரு வராதது ஒன்று, அது எதற்கு என்றே தெரியாதது வேறொன்று. ஒரே கேள்வியை அரைமணி நேரத்தில் மூன்று முறை கேட்பது, பழகிய பஸ் ஸ்டாண்டில் வழி தெரியாமல் நிற்பது, பணக் கணக்கில் புதிதாகக் குழம்புவது, சில மாதங்களில் வேகமாக மோசமாவது ஆகியவற்றில் எது இருந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கமின்மை, காது மந்தம் எல்லாமே பேச்சை மந்தமாக்கும். இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை.

திடீரென்று பேச்சு குழறினாலோ சொல்லே வராமல் போனாலோ, அதோடு வாய் ஒரு பக்கம் கோணினாலோ ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போடாதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். போடலாமா என்று முடிவு செய்யும் முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். தாளவாடியில் இருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவர்களுக்கு அந்த நேரம் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று சொல்ல வேண்டியதில்லை. 108ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். அறிகுறி தொடங்கிய மணியைக் குறித்து வைத்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பெரிய உதவி.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். ஒருமுறை சிக்கிய சொல் மறுபடியும் சிக்கும் வாய்ப்பு அதிகம் என்று கனடாவில் காரின் ஹம்ஃப்ரீஸ் குழு காட்டியது. முதல் ஓசையைத் துப்பாகக் கொடுத்து அவரே சொல்லி முடித்தால் அடுத்த முறை சிக்குவது குறைகிறது. ஆகவே அவர் திணறும்போது நீங்கள் முந்திக்கொண்டு முழுப் பேரையும் சொல்லிவிடாதீர்கள். சற்றுப் பொறுங்கள், பிறகு முதல் அசையை மட்டும் கொடுங்கள். வந்ததும் அவர் வாயாலேயே இன்னொரு தடவை சொல்லட்டும். ரொம்ப நேரம் சிக்கினால் பேச்சை மாற்றிவிடலாம், பொழுதோட பாத்திரம் கழுவும்போது தானாக வரும். விசேஷத்துக்குக் கிளம்பும் முன் காரில் போகும்போதே யார் யார் வருவார்கள் என்று பேரோடு ஒரு சுற்றுப் பேசிக்கொண்டு போங்கள். அந்த இணைப்புகள் சூடாகவே இருக்கும்.

ஞாபகசக்திக்கு என்று கடையில் விற்கிற மாத்திரை, பொடி வகைகளுக்குப் பணம் போட வேண்டாம். பேரு வருவதற்கு அவை உதவுகின்றன என்று நம்பும்படியான சான்று இல்லை. அந்தப் பணத்தில் அம்மாவின் காதை ஒருமுறை சோதித்துவிடுங்கள். மண்டபத்து மேளச் சத்தத்தில் அறிமுகப்படுத்தும்போது பேரு காதில் சரியாக விழாமலே போயிருந்தால், பிறகு அதை எடுக்க வழியே இல்லை.